ஈக்களுக்குச் சமைத்தவர்

ஈக்களுக்குச் சமைக்க ஓர் ஆள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அலுவலகத்தில் அதைப் படித்த எழுத்தர், டீச்சர் ஏதோ அவசரத்தில் கைதவறி எழுதிவிட்டார் என்று நினைத்து, 'ஈக்களுக்கு' என்பதை அடித்துவிட்டு மேலே அனுப்பியிருக்கிறார். அதனால்தான் எனக்கு நிஜமாகவே ஒரு சமையல்காரர் கிடைத்தார்.

கல்லூரி திறந்த வாரம். வெள்ளைச் சட்டையும் கட்டம் போட்ட கைலியுமாக ஒருவர் ஆய்வறை வாசலில் வந்து நின்றார். என் வயதுதான் இருக்கும், ஐம்பதை ஒட்டி. மேலப்பாளையத்துக்காரர். சவுதியில் கட்டடத் தொழிலாளர் முகாமில் பன்னிரண்டு வருடம் சமைத்துவிட்டு, வலது முழங்கால் ஒத்துழைக்காமல் ஊர் திரும்பியவர். ஊரே அவரைக் கூப்பிடுவதுபோல் நானும் பாய் என்றே கூப்பிட்டேன். அவருக்கு நான் டீச்சர்.

"எத்தன பேருக்கு டீச்சர் ஆக்கணும்?"

"ஐயாயிரம் இருக்கும் பாய்."

"ஐயாயிரமா? அதுக்கு அண்டா வேணுமே. கூட ஆளும் வேணும்லா?"

"ஒரு சட்டி போதும். உள்ள வாங்க, காட்டுதேன்."

தட்டு தட்டாக அடுக்கியிருந்த கண்ணாடிக் குழாய்களைக் காட்டினேன். ஒவ்வொன்றின் வாயிலும் பஞ்சு அடைத்திருக்கும். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மஞ்சள் களி. அதன்மேல் எள்ளை விடச் சின்னதாக ஈக்கள். பாய் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது வாழப்பழத்துல மொய்க்கிற ஈல்லா?"

"அதேதான்."

"அங்கன அடுப்படிக்குள்ள ஒரு ஈ பறந்தாப் போதும், மேலாளு வந்து சத்தம் போடுவான். பன்னெண்டு வருசம் ஈய விரட்டுனவன் டீச்சர் நான். இப்பம் அதுக்கே ஆக்கிப் போடணுமா?"

போய்விடுவார் என்று நினைத்தேன். அவரோ மேசைமேல் இருந்த பொருட்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட். கடைசியாக அகார் டப்பாவைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"டீச்சர், இது கடல்பாசி! நோம்புக்கு எங்க வீட்டுல பாலு ஊத்திக் காய்ச்சுவாகளே, அதுதான். இது எனக்கு நல்லா வரும்."

அன்றைக்கே முதல் சட்டி களியைக் கிண்டினார். அதற்கு முன்னால் பல வருடமாக நானும் என் மாணவிகளும் கிண்டிய களி எப்போதும் அடிப்பிடிக்கும். பாய் கிண்டியது கண்ணாடிபோல் இறங்கியது. குழாய்களில் ஊற்றி ஆறவைத்தபோது மேல்பரப்பில் ஒரு வெடிப்புகூட இல்லை.

இந்த ஈக்களை வைத்து நான் என்ன செய்கிறேன் என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்று பட்டது. என் வேலை பெண் ஈயின் முட்டை எப்படி உருவாகிறது என்று ஆராய்வது. சொன்னால் பலரும் சிரிப்பார்கள். நான் போகும் தேவாலயத்தில் ஒரு அம்மாள், "ஈ முட்டை போட்டா என்ன, போடாட்டி என்ன?" என்று கேட்டிருக்கிறார். பாய் சிரிக்கவில்லை. ஒரு ஈயை மயக்கி, வயிற்றைப் பிரித்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்துக் காட்டினேன். இரண்டு சூலகமும் இரண்டு வாழைச்சீப்பு போல் விரிந்து கிடக்கும். ஒவ்வொரு காய்க்குள்ளும் மணி கோத்ததுபோல் முட்டைகள், நுனியில் பொடிசாகத் தொடங்கி அடியில் முழுசாக முடியும்.

"ஒவ்வொரு மணிக்குள்ளயும் பதினாறு செல்லு இருக்கு பாய். எல்லாம் ஒரே செல்லுலருந்து பிரிஞ்சு வந்தது. பதினாறும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். ஆனா அதுல ஒண்ணுதான் முட்டையாகும்."

"மத்த பதினஞ்சும்?"

"அதெல்லாம் செவிலிச் செல்லு. தங்கிட்ட உள்ளத எல்லாம் அந்த ஒண்ணுக்கு ஊட்டும். கடைசியில மொத்தத்தையும் அதுக்குள்ள கொட்டிட்டுச் செத்துப்போகும்."

அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பதினஞ்சு பேரு ஆக்கிப் போட, ஒருத்தன் திங்கான். அந்த ஒருத்தன் யாருன்னு யாரு முடிவு பண்ணுதா?"

இருபது வருடமாக நான் கேட்டுக்கொண்டிருப்பது அந்தக் கேள்வியைத்தான். "அதைத்தான் பாய் தேடிட்டிருக்கேன்" என்றேன். "சரி, தேடுங்க. நான் களி கிண்டுதேன்" என்று அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

அவர் வந்தபிறகு ஆய்வறை வேறு மாதிரி ஆயிற்று. காலையில் எனக்கு முன்னால் வந்து தட்டுகளைப் பார்த்துவிடுவார். எந்தக் குழாயில் களி காய்ந்திருக்கிறது, எதில் பூஞ்சை தட்டியிருக்கிறது என்று சொல்வார். முட்டை எண்ணுவதற்கு ஈக்களைத் திராட்சைச் சாறு கலந்த தட்டில் ஒரு நாள் விடுவோம். அதற்குப் பன்னீர் திராட்சையை டவுன் மார்க்கெட்டில் ஒவ்வொன்றாக மோந்து பார்த்து வாங்கி வருவார். என் ஆராய்ச்சி மாணவி வள்ளியூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். அவள் சாப்பிட்டாளா என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பார்.

அவரிடம் எனக்கு ஒரே ஒரு குறை இருந்தது. தராசை நம்பமாட்டார். மாவை எடைபோட்டபிறகும், ஈரக்காற்று வீசுகிறது என்று ஒரு பிடியை டப்பாவுக்கே திருப்பிப் போடுவார். ஒருநாள் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

"பாய், இங்க கைப்பக்குவம் கிடையாது. இன்னைக்கி ஒண்ணும் நாளைக்கி ஒண்ணும் தின்னா, ஈ ஏன் முட்டை போடலன்னு எனக்கு எப்படித் தெரியும்? தாள்ல என்ன இருக்கோ அதுதான்."

"சரி டீச்சர். இனிமே தாளுதான்" என்றார். அதன்பிறகு ஒரு சிட்டிகைகூட மாற்றியதில்லை.

அந்தத் தாள் பழசு. நான் கையால் எழுதியது, களி தெறித்துத் தெறித்து எழுத்தே மங்கிவிட்டது. ஒரு விடுமுறையில் அதைக் கணினியில் தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறை போட்டு, அடுப்புக்கு மேலே மாட்டினேன். பழைய தாளில் அளவெல்லாம் ஒரு லிட்டருக்கு இருந்தது. பாய் ஒவ்வொரு தடவையும் ஐந்து லிட்டருக்குப் பெருக்கிப் போட வேண்டியிருந்தது. அந்தச் சிரமம் வேண்டாமே என்று நானே ஐந்து லிட்டருக்குக் கணக்குப் போட்டு எழுதினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அடுத்த மாதங்களில் என் வாழ்க்கையின் பெரிய கண்டுபிடிப்பைச் செய்துவிட்டேன் என்று நம்பினேன். நான் ஆராய்ந்துகொண்டிருந்த மரபணு கெட்டுப்போன ஈக்களில், முட்டைகள் பாதி வளர்ந்ததும் நின்றுபோயின. நீலச் சாயம் ஏற்றிப் பார்த்தால், செவிலிச் செல்களின் உட்கருக்கள் உடைந்து, பொரி சிதறியதுபோல் பளிச்சென்று தெரிந்தன. இந்த மரபணு, முட்டை எது என்று தேர்ந்தெடுப்பதோடு நிற்கவில்லை, பாதி வழியில் அதைக் காப்பாற்றவும் செய்கிறது என்று முடிவுகட்டினேன். தூக்கமே வரவில்லை. என் கணவர் இட்லியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, நான் தட்டைத் தொடாமல் பேசிக்கொண்டே இருப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் மாணவி வந்து மெதுவாகச் சொன்னாள்.

"டீச்சர், நல்ல ஈயையும் அறுத்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லாத ஈ. அதுலயும் இதே மாதிரிதான் செத்துக் கிடக்கு."

நானே எழுந்து போய்ப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. இன்னொரு வகை நல்ல ஈயை அறுத்தேன். அதிலும் அதே பொரி. மரபணுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஈக்களுக்குச் சத்துப் போதவில்லை. ஈஸ்ட் குறைந்தால் ஈ பாதியில் முட்டையைக் கைவிட்டுவிடும் என்பது முதல் வருட மாணவிக்கும் நான் சொல்லித்தரும் பாடம்.

அலமாரியைத் திறந்தேன். தீர்ந்திருக்க வேண்டிய ஈஸ்ட் பொட்டலங்கள் பிரிக்காமல் அடுக்கியிருந்தன. பாய் அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தார். மூன்று மாதக் கனவு கலைந்த ஆத்திரம் முழுவதும் அவர்மேல் போயிற்று.

"ஈஸ்ட்டக் குறைச்சிட்டியளா பாய்?"

"இல்லையே. நீங்க சொன்னதத்தான் போடுதேன்."

"நான் சொன்னேனா? பொய் சொல்லாதிய. இத்தன பொட்டலம் எப்படி மிச்சம் வந்துது?"

அவர் அடுப்புப் பக்கம் திரும்பினார். கிண்டிய களியை விடாமல் கிண்டி முடித்தார். குழாய்களில் ஊற்றினார். சட்டியைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "வாரேன்மா" என்று மாணவியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். முழங்கால் வலியால் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்குவது அவர் வழக்கம். அந்தச் சத்தம் கீழே போய்ச் சேரும்வரை கேட்டது.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை ஈக்களைப் புதுக் களிக்கு மாற்றியாக வேண்டும். நானே சட்டியை அடுப்பில் ஏற்றி, அளவு பார்க்க அந்தத் தாளை நிமிர்ந்து பார்த்தேன். மாவு ஐந்தால் பெருக்கியிருந்தது. சர்க்கரையும் அகாரும் பெருக்கியிருந்தன. ஈஸ்ட் மட்டும் பதினைந்து கிராம் என்றே இருந்தது. ஒரு லிட்டருக்கு உள்ள அளவு. எழுபத்தைந்து என்று இருந்திருக்க வேண்டும்.

அடுப்பை அணைத்தேன். அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. தாளை மாட்டிய வாரம். நான் நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருந்தேன். பின்னாலிருந்து பாய் கேட்டார், "டீச்சர், ஈஸ்ட்டு ரொம்பக் கம்மியா இருக்கே, சரிதானா?" நான் திரும்பாமலே சொன்னேன், "தாள்ல உள்ளதப் போடுங்க பாய்." மறுநாளும் கேட்டார். மறுநாளும் அதையே சொன்னேன்.

என் வாழ்க்கையில் எத்தனையோ தவறு செய்திருக்கிறேன். அந்தப் புதன்கிழமைபோல் முகம் சுட்டதில்லை.

தாளைக் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். குலவணிகர்புரம் கேட் மூடியிருந்தது. ரயில் வருவதற்கு நேரமாயிற்று. பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் நின்றுகொண்டு, என்ன சொல்வது என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். மூன்றும் சரியாக வரவில்லை.

மேலப்பாளையத்தில் அவர் வீடு ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது. கதவைத் திறந்தது அவர் மனைவி. அதுவரை நான் பார்த்ததில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "ஈ டீச்சரா?" என்றார். ஆமாம் என்றேன். "உள்ள வாங்க. அவுக நாலு நாளா யாருகூடயும் பேசல" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பாய் பின்கட்டிலிருந்து வந்தார். கையில் ஒரு ஸ்டவ் பர்னரும் ஊசியும் இருந்தன. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நான் எழுந்து தாளை நீட்டினேன்.

"தப்பு என்னுது பாய். பாருங்க. ஈஸ்ட்ட மட்டும் பெருக்காம விட்டிருக்கேன். நீங்க ரெண்டு தடவ கேட்டிய. நான் திரும்பிக்கூடப் பார்க்கல. உங்களப் போயி அப்படிச் சொல்லிட்டேன்."

அவர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எனக்குத் தெரியும், அவர் அதை ஏற்கெனவே பலமுறை பார்த்தவர்.

"அஞ்சால பெருக்கல" என்றார்.

அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "இவ்வளவு படிச்சவுக பெருக்க மறந்துட்டாகளா?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதோ என்று வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பாய் சிரிக்கவில்லை.

"குறைச்சுப் போட்டேன்னு கேட்டதுகூட ஒண்ணுமில்ல டீச்சர். பொய்யின்னு சொல்லிட்டிய. என் வாப்பாகூட என்னய அப்படிச் சொன்னதில்ல."

"சொல்லியிருக்கக் கூடாது பாய். மன்னிச்சிருங்க."

அவர் பர்னரைத் தரையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். மனைவி தேநீர் கொண்டுவந்தார், கூடவே ஒரு தட்டில் முறுக்கு. நான் குடித்து முடித்தேன். பிறகு பாய் சொன்னார்.

"நாளைக்கி வாரேன். ஒண்ணு மட்டும் சொல்லுதேன். நான் ஏதாச்சும் கேட்டா, அந்த லென்ஸுலருந்து கண்ண எடுத்து என்னயப் பார்த்துப் பதில் சொல்லணும்."

"சொல்லுதேன் பாய்."

மறுநாள் வந்தார். எழுபத்தைந்து கிராம் ஈஸ்ட் போட்டார். ஒரு வாரத்தில் திராட்சைத் தட்டுகள் முட்டையால் நிறைந்துவிட்டன, ரவையைத் தூவியதுபோல்.

என் பெரிய கண்டுபிடிப்பு போயிற்று. மாணவியும் நானும் அந்த மூன்று மாத நோட்டைக் குப்பையில் போடுவதா வைத்துக்கொள்வதா என்று புரட்டிக்கொண்டிருந்தோம். அவள் எல்லா வகை ஈக்களின் முட்டைகளையும் வாராவாரம் எண்ணி எழுதியிருந்தாள். என் மரபணு ஈக்களின் வரிசையைத் தவிர மற்றதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. எல்லா வரிசையிலும் எண்கள் சரிந்துகொண்டே போயின, ஒரே ஒரு வரிசையைத் தவிர. அது நான் என்றைக்கோ ஒரு நண்பரிடமிருந்து வாங்கி, அழியாமல் இருக்கட்டும் என்று பின்தட்டில் வளர்த்துவந்த வகை. அதற்கு மட்டும் சத்தில்லாத களி ஒரு பொருட்டாக இல்லை. பட்டினியிலும் முட்டையைப் பாதியில் நிறுத்தாமல் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. முட்டைகளில் பெரும்பாலானவை பொரிக்கவில்லை, அது வேறு. ஆனால் நிறுத்தவில்லை.

"டீச்சர், நிறுத்தச் சொல்லுற ஏதோ ஒண்ணு இதுக்கு இல்ல" என்றாள் மாணவி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இந்தத் தடவை இட்லியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் கணவரிடம் சொன்னேன்.

உண்மைதானா என்று பார்க்க, அதே பரிசோதனையை வேண்டுமென்றே திரும்பச் செய்ய வேண்டும். ஒரு சட்டி நல்ல களி, ஒரு சட்டி ஈஸ்ட் குறைந்த களி. பாயைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நல்லது வேற ஆக்கணும், கெட்டது வேற ஆக்கணுமா?"

"ஆமா பாய். ஈஸ்ட்டு பதினஞ்சு கிராம். முன்னாடி போட்ட மாதிரியே."

அவர் தலையாட்டினார். சம்மதம் என்று நினைத்தேன். இல்லை.

"அது என்னால முடியாது டீச்சர். முன்ன தெரியாமப் போட்டேன். தெரிஞ்சே பசிக்குக் குறைச்சு ஆக்க எனக்குக் கை வராது. ஈயாத்தான் இருக்கட்டும். வேற எந்த வேலையும் சொல்லுங்க, செய்யுதேன்."

எவ்வளவோ விளக்கினேன். எல்லாவற்றையும் என் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார். மறுபடியும், "கை வராது" என்றார். அதற்குமேல் வற்புறுத்த எனக்கும் வாய் வரவில்லை.

ஒரு வியாழக்கிழமை நானே அந்தச் சட்டியை ஏற்றினேன். பாய் ஜன்னலோரம் நல்ல களிச் சட்டியோடு நின்றார். எனக்கு மாவு கட்டி தட்டிற்று. கரண்டியால் நசுக்கினேன். ஒன்று நசுங்க இரண்டு தட்டிற்று. அடியில் பிடிக்கும் வாசனை வந்தது. ஜன்னலோரம் ஒரு பெருமூச்சு கேட்டது.

"டீச்சர், பைய கிண்டணும். ஏன் இப்படி அடிக்கிய?"

"எனக்கு இவ்வளவுதான் வரும் பாய்."

இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு தன் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து, என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"கிண்டுறத நான் கிண்டுதேன். ஈஸ்ட்ட மட்டும் நீங்களே போடுங்க. அது உங்க கணக்கு."

அப்படித்தான் அந்தப் பரிசோதனை நடந்தது. ஐந்து மாதம், வியாழன்தோறும். அவர் கிண்டுவார், நான் பதினைந்து கிராமை நிறுத்துக் கொட்டுவேன். கொட்டும்போது அவர் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். எந்தக் களி எந்தக் குழாயில் என்று பஞ்சில், நல்லதற்குப் பச்சை மையும் குறைந்ததற்குச் சிவப்பு மையும் வைத்துக் குறித்தவரும் அவர்தான். காலையில் வந்ததும் நேராகச் சிவப்புத் தட்டுக்குத்தான் போவார். "இன்னைக்கி ரெண்டு சோர்ந்து கிடக்கு" என்பார்.

அந்தப் பின்தட்டு ஈக்கள் எங்களை ஏமாற்றவில்லை. மூன்று தடவை செய்தோம், மூன்று தடவையும் சத்தில்லாத களியில் அவை மட்டும் நிறுத்தாமல் முட்டை போட்டன. கட்டுரை எழுதி அனுப்பினோம், திருப்பி வந்தது, திருத்தி அனுப்பினோம், வெளியானது. நன்றி சொல்லும் பகுதியில் அவர் பெயரை அச்சில் பார்த்ததும் பாய் அதை ஒரு பிரதி எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குக் கொண்டுபோனாரா, வழியில் யாரிடமாவது காட்டினாரா, தெரியாது. அவர் மனைவி எனக்கு ஒரு டப்பா முறுக்கு கொடுத்தனுப்பியிருந்தார்.

அதற்கெல்லாம் முன்னால், பரிசோதனையின் கடைசிக் கணக்கு முடிந்த நாள். சிவப்புக் குறி வைத்த குழாய்கள் நாற்பதுக்குமேல் மிச்சம் இருந்தன. வேலை முடிந்த ஈக்களை மயக்கிச் சாராயக் குப்பியில் தட்டிக் கொன்றுவிடுவதுதான் ஆய்வறை வழக்கம். குப்பியை நான் எடுத்து வைத்திருந்தேன். பாய் பக்கத்தில் வந்து நின்றார்.

"வேல முடிஞ்சுதுல்லா டீச்சர்?"

"முடிஞ்சுது பாய்."

"அப்பம் இதுகள நல்ல களிக்கு மாத்திரட்டுமா?"

நான் நுண்ணோக்கியில் இல்லை. அவரைப் பார்த்துத்தான் நின்றேன். மாற்றுங்கள் என்றேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு குழாயின் பஞ்சைத் திறந்து, புதுக் குழாயின் வாயோடு வாய் வைத்துப் பைய தட்டத் தொடங்கினார். நாற்பது குழாயும் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று.